எனக்கு மட்டும் தெரியாத வாடை

ஜேடர்பாளையம்
9-9-1962

சேசு மரி சூசை.

அன்புள்ள இசபெல்லா அக்காவுக்கு ஜெபமலர் எழுதுவது,

நான் சுகம். நீ சுகமா, ஆஸ்பத்திரியில் வேலை எப்படி என்றெல்லாம் அடுத்த கடிதத்தில் கேட்கிறேன். இப்போது ஒரு காரியம் சொல்லியாக வேண்டும்.

இந்த வீட்டில் ஏதோ நாறுகிறது. நான் சொல்லவில்லை, எல்லோரும் சொல்கிறார்கள். கல்யாணமாகி நான் வந்த இரண்டாம் வாரத்தில் ஆரம்பித்ததாம். எலி செத்துக் கிடக்கும் என்று மாமியார் நெற்குதிரைக் கவிழ்த்துப் பார்த்தார். கூரை ஓட்டைப் பிரித்துப் பார்த்தாயிற்று. போன சனிக்கிழமை உள்ளறைத் தரையை இரண்டு முழ ஆழம் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. மண் போட்டு மூடி, சாணி மெழுகிவிட்டு வந்து நின்றால், "போகல, இன்னும் அடிக்குது" என்கிறார் மாமியார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை அக்கா. எனக்குத்தான் சின்ன வயதிலிருந்து மூக்கடைப்பு, அது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒரு வீடே மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கும்போது ஒருத்தி மட்டும் சோற்றை வடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும், நீயே நினைத்துப் பார். நேற்று மாமியார் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் அடிக்கலையா சாமி?" என்று கேட்டார். "இல்லீங்க அத்தை" என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த உள்ளறையில்தான் என் வீட்டுக்காரருடைய மூத்த தாரம் ஆரோக்கியம் காய்ச்சலில் செத்தது. இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. இப்போது முணுமுணுக்கிறார்கள். நான் வந்தால் நிறுத்திவிடுகிறார்கள்.

பரமத்தி வேலூர் டாக்டர் என் மூக்குக்குத் தூசி அலர்ஜி என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். போட்டால் மூக்கு இன்னும் காய்ந்து எரிகிறது. நீ என்ன சொல்கிறாய்?

உன் தங்கை,
ஜெபமலர்


அம்மாபேட்டை, சேலம்
14-9-1962

ஜெபமலர்,

அந்த மாத்திரையை இன்றே நிறுத்து. கடையில் விற்கும் மூக்குச் சொட்டு மருந்து எதையும் வாங்கிப் போடாதே. அது வேறு மாதிரி மூக்குக்கு.

தினம் இரண்டு வேளை மூக்கைக் கழுவ வேண்டும். ஒரு டம்ளர் கொதித்து ஆறிய நீரில், வெதுவெதுப்பாக இருக்கும்போது, கால் ஸ்பூன் உப்பும் அதில் பாதி ஆப்பச் சோடாவும் போட்டு, குழல் வைத்த கிண்டிச் செம்பில் எடுத்துக்கொள். முன்னால் குனிந்து, வாயைத் திறந்து, ஒரு துளையில் மெதுவாக ஊற்றினால் மறு துளை வழியே வரும். கழுவும்போது விழுங்காதே, பேசாதே. குளிக்கும் இடத்தில் யாரும் பார்க்காத நேரத்தில் செய்.

கேட்பதற்குப் பதில் எழுது. பச்சையாகப் பொருக்குப் பொருக்காக வருகிறதா? சில சமயம் ரத்தம்? மதியம் படுத்தால் முகத்தில் ஈ மொய்க்கிறதா?

வீட்டு வாடை பற்றி நீ ஒன்றும் பேசாதே. யார் என்ன சொன்னாலும் சரி என்று கேட்டுக்கொண்டு இரு.

இசபெல்லா


ஜேடர்பாளையம்
11-10-1962

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தது. பரவாயில்லை, உனக்கு ஆறுதல் சொல்ல என்றைக்கு வந்தது.

பொருக்கு வருகிறது. ரத்தமும் இரண்டு தரம் வந்தது. ஈயும் மொய்க்கிறது. மதியம் கண்ணயர்ந்தால் நாலைந்து ஈ, மற்றவர்கள் முகத்தில் ஒன்றுகூட உட்காராமல் என் முகத்தைத் தேடி வருகிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது? அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது.

நாற்றம் இப்போது இடம் மாறுகிறதாம். முன்பு உள்ளறையில் மட்டும். நான் கொல்லைக்குப் போனால் கொல்லையில். சமையல்கட்டுக்கு வந்தால் அங்கே. போன ஞாயிறு பூசை வைக்க வந்த பங்குச் சாமியார் வீடு மந்திரித்தார். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தவர் என் அருகில் வந்ததும் அங்கியின் கையால் மூக்கை மூடிக்கொண்டு, மந்திரத்தைப் பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்தார்கள். அன்று கோயிலில் எனக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் உட்காரவில்லை.

பக்கத்து வீட்டு அங்கம்மாள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள். தாலியோடு செத்தவள் பூவாடைக்காரி ஆகிவிடுவாளாம். அந்த வீட்டில் அடுத்த கல்யாணம் நடந்தால் முதலில் அவளுக்குப் புதுச் சேலையும் பூவும் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் புதுப் பெண்ணுக்குத் தாலி கட்ட வேண்டும். இங்கே நம்மைப் போன்ற வேதக்காரர்கள் வீட்டிலும் ஓசைப்படாமல் வைப்பதுண்டாம். எங்கள் கல்யாணத்துக்குச் சாமியார் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். "சேல வெக்காத கண்ணாலமுங்க அது. அதான் மூத்தவ எளையவ பின்னாலயே சுத்தறா" என்று அங்கம்மாள் சொல்ல, மாமியார் மறுத்துப் பேசவில்லை.

மூக்குக் கழுவினேன், மூன்று நாள். மூன்றாம் நாள் மாமியார் பார்த்துவிட்டார். கிண்டியில் உப்புத் தண்ணீர், ஒரு மூக்கில் ஊற்றி மறு மூக்கில் வழிய நிற்கிறேன். யாருக்கோ செய்வினை செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். கிண்டியை ஆற்றில் போட்டாயிற்று.

என் வீட்டுக்காரர் இப்போது வீட்டில் படுப்பதில்லை. அணையில் இவரைப் போல மதகு ஏற்றி இறக்கும் லஸ்கர்களுக்கு ஒரு கொட்டகை உண்டு, அங்கே பாயைக் கொண்டுபோய்விட்டார். சாப்பிட வருகிறார். கோபமாகவும் இல்லை. என்னைப் பார்க்கிறார், ஏதோ சொல்ல வருகிறார், போய்விடுகிறார்.

ஒன்று கேட்கிறேன் அக்கா. ஒருத்தி என் பின்னாலேயே நின்றால் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

ஜெபமலர்


அம்மாபேட்டை, சேலம்
20-10-1962

அன்புள்ள ஜெபமலர்,

சேலையை வைத்துவிடுங்கள்.

நான் இப்படி எழுதுவேன் என்று நீ நினைத்திருக்க மாட்டாய். சாமியாருக்குத் தெரிய வேண்டாம். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறை மந்திரிப்பு முடிந்ததும் வீட்டில் உள்ளறையில் வைத்து ஜெபம் சொல்லுங்கள். சேலை நான் அனுப்புகிறேன், இங்கே நம் தெருத் தறியில் எடுத்தது, அரக்கு நிறம். உன் மாமியாரிடம் "அக்காவும் வைக்கத்தான் சொல்கிறாள்" என்று சொல். அவர் மனது இளகும்.

அதே பொட்டலத்தில் ஒரு பாட்டிலும் ஒரு பொடிப் பொட்டலமும் இருக்கும். பாட்டிலில் மாதா கோயில் எண்ணெய் என்று எழுதியிருப்பேன். பொடியில் மந்திரித்த உப்பு என்று எழுதியிருப்பேன். உப்பை முன்போல வெந்நீரில் கலந்து கழுவு, இந்த முறை மாமியார் முன்னாலேயே, அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கொண்டே செய். பிறகு எண்ணெயில் நாலு நாலு சொட்டு இரண்டு மூக்கிலும் விடு. சேலை வைக்கிற அன்றே ஆரம்பி. ஒரு வேளையும் விடாதே.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். உன் பின்னால் யாரும் இல்லை. பயப்படாதே.

இசபெல்லா


ஜேடர்பாளையம்
16-12-1962

அக்காவுக்கு,

முதலில் நல்லதைச் சொல்கிறேன். சேலை வைத்த நாலாம் நாள் வாடை குறைந்தது. பத்தாம் நாள் இல்லவே இல்லை என்றார்கள். மாமியார் என் தலையைத் தடவி, "மூத்தவ மனசு குளுந்துட்டா சாமி" என்று அழுதார். அங்கம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? வாழ வந்த வீட்டில் ஒருத்தி பக்கத்தில் உட்காருவதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

நவம்பர் கடைசியில் பாட்டில் தீர்ந்தது, பொடியும் தீர்ந்தது. சேலை உள்ளறைப் பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் வாடை வந்துவிட்டது.

இப்போது மூத்தவளுக்குச் சேலை போதவில்லை, இந்தப் பெண்ணே வேண்டாம் என்கிறாள் என்று முடிவாகிவிட்டது. தவசுக்காலம் தொடங்குவதற்குள் என்னைச் சேலத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அப்படிக் கொண்டுபோய் விடப்பட்டவர்களை யார் திரும்ப அழைத்து வந்தார்கள், சொல். இவர் கேட்டுவிட்டு அணைக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது நான் கேட்கிறேன், நீ சொல். காலியான பாட்டிலில் எறும்பு. தலையணையிலும் எறும்பு, மூக்கு பட்ட இடத்தில். கோயில் எண்ணெய் தித்திக்குமா அக்கா? நாக்கில் வைத்துப் பார்த்தேன், தித்தித்தது. நாற்றம் விட்டது சேலைக்கா, அந்தத் தித்திப்புக்கா என்று அன்று முழுவதும் உட்கார்ந்து யோசித்தேன்.

பிறகு வரிசையாக ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஜன்னலோர பெஞ்சில் என்னைத் தனியாக வைத்தார்கள், கெட்டிக்காரி என்பதால் என்று நீ சொன்னாய். நீ எப்போதும் எதிர்ச் சுவர் ஓரமாகவே படுப்பாய். ஐந்து பேர் பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதிலே போடவில்லை. ஆறாவதாக இவர்கள் வந்தபோது என் தலையில் ஒரு பந்து மல்லிகையைச் சுற்றி, கூடம் முழுக்கச் சாம்பிராணி போட்டாய். இரண்டாம் தாரமாக இருந்தால் என்ன, நல்ல இடம் என்றாய்.

நாற்றம் என்னிடமா?

ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது. பொருக்கு, ஈ என்று எழுதாதே.

ஜெபமலர்


அம்மாபேட்டை, சேலம்
27-12-1962

என் ஜெபமலருக்கு,

ஆமாம்.

கிறிஸ்துமஸ் அன்று எழுத மனம் வரவில்லை. அதனால் இரண்டு நாள் தாமதம். பதினான்கு வருஷத் தாமதத்தில் இது ஒன்றும் பெரிதில்லை.

உனக்குப் பன்னிரண்டு வயதில் மூக்கு அடைத்துக்கொண்டே இருந்தது. தனியாக வைத்தியம் பார்த்த ஒருவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்று வெட்டி எடுத்தார். கொஞ்சம் எடுக்க வேண்டிய இடத்தில் நிறைய எடுத்துவிட்டார். அவர் இப்போது உயிரோடு இல்லை. நான் இருக்கிறேன்.

உன் மூக்கு அடைக்கவில்லை. அளவுக்கு மேல் திறந்து கிடக்கிறது. காற்று போய் வருவதே அதற்குத் தெரிவதில்லை, அதனால்தான் உனக்கு அடைப்பு மாதிரி இருக்கிறது. உள்ளே ஈரம் காய்ந்து பொருக்குத் தட்டுகிறது, அந்தப் பொருக்கு அழுகுகிறது. வாசனை பிடிக்கிற இடமும் காய்ந்துவிட்டதால் ஊருக்கெல்லாம் வருவது உனக்கு மட்டும் வருவதில்லை. நாட்டு வைத்தியர்கள் பீனிசம் என்பார்கள். தூசியால் வந்ததில்லை, அலர்ஜி இல்லை, அந்த மாத்திரை உனக்குக் கெடுதல். நான் அனுப்பியது கிளிசரினும் குளுக்கோசும் கலந்த சொட்டு. பொருக்கை அழுக விடாமல் வைக்கும். உப்பும் சோடாவும் சும்மா உப்பும் சோடாவும்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் நீ சின்னப் பெண். பிறகு, ஒரு பெண்ணிடம் அவளுக்கே தெரியாத ஒன்றை எந்த வாயால் சொல்வது. உன் மாமியாரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. நாற்பது வருஷம் மூக்குப்பொடி போட்டவர், அவர் மூக்கு செத்துப்போயிருக்கும், இந்த வீட்டில் நீ பிழைத்துக்கொள்வாய் என்று கணக்குப் போட்டேன். மகனுக்கு மறுபடி குடித்தனம் அமைந்தால் பொடியை விட்டுவிடுகிறேன் என்று அவர் அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. நீ எழுதிய பிறகு விசாரித்தேன். உன் கல்யாணத்தன்று விட்டாராம். இரண்டு வாரத்தில் அவருக்கு மூக்கு திரும்பியிருக்கிறது.

சேலை வைக்கச் சொன்னதும் தெரிந்துதான். பேய் என்றால் சேலை வைத்து அனுப்பிவிடலாம். மருமகள் நாறுகிறாள் என்று தெரிந்தால் எதை வைத்தாலும் உன்னை அங்கே இருக்க விட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

வைத்தியம் இருக்கிறது. கழுவுவதும் சொட்டும் ஆயுசுக்கும் வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சிலருக்குக் கேட்கிறது. மதராஸில் படித்த புது டாக்டர் ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். உள்சுவரில் தோலுக்கு அடியில் சின்ன பிளாஸ்டிக் துண்டை வைத்து வழியைக் குறுக்குகிறார். சிலருக்கு உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். முழுக்கக் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். வாசனை கொஞ்சம் திரும்பலாம். திரும்பும்போது முதலில் இல்லாத வாசனை இருப்பதுபோல் தெரியும், பயப்பட வேண்டாம் என்கிறார்.

புறப்பட்டு வா. அவர்கள் கொண்டுவந்து விடுவதற்கு முன் நீயாக வா.

இசபெல்லா


ஜேடர்பாளையம்
6-1-1963

அக்கா,

படித்தேன். மூன்று நாள் யாருக்கும் பக்கத்தில் போகவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நின்றேன். கட்டிய புடவையை முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. கையில் ஊதி முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. என் உடம்பு எனக்குத் தெரியாமல் வேறு ஒருத்தியுடையது போல இருக்கிறது. என் பின்னால் யாரும் இல்லை என்று எழுதினாயே, அவளே இருந்திருந்தால் தேவலை போலிருக்கிறது.

எனக்குச் சொல்லாததைக்கூட விட்டுவிடுகிறேன். என் நாற்றத்தைத் தூக்கி ஒரு செத்தவள் தலையில் கட்டினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் எழுந்து வந்து "நான் இல்லீங்க" என்று சொல்ல மாட்டாள் என்பதால்தானே? இந்த நாலு மாதமாக ஊரே ஆரோக்கியத்தைத் திட்டுகிறது. நானும் திட்டினேன். உள்ளறை வாசலில் நின்று, "என் புருஷனை விட்டுப் போடி" என்று திட்டினேன்.

வெள்ளிக்கிழமை நாமக்கல் பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு நேராக வந்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நீ வர வேண்டாம்.

ஜெபமலர்


ஜேடர்பாளையம்
21-4-1963

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று மாதம் என் மூக்கைத் தினமும் கழுவிவிட்ட கைக்கு எழுதுகிறேன், அதனால் கோபமாக எழுத வரவில்லை. மிச்சம் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்வோம். பிளாஸ்டிக் துண்டு இடதில் நன்றாக இருக்கிறது, வலதில் கொஞ்சம் உறுத்துகிறது. கழுவுவதை விடவில்லை.

வாடை இல்லை என்கிறார்கள். சேலம் போய் நான் தவசுக்காலம் முழுக்க ஆரோக்கியத்துக்காக ஜெபம் செய்ததில் அவள் போய்விட்டாள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் எனக்குச் சௌகரியம்தான். முடியவில்லை அக்கா. போன திங்கள்கிழமை அணைக்குப் போய், கொட்டகையில் அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சேலை, எண்ணெய், பொடி, நீ, நான், ஒன்று விடாமல்.

அவர் மதகுச் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, "பொண்ணுப் பாக்க வந்தப்பவே எனக்குத் தெரியும் புள்ள" என்றார்.

"அப்புறம் எதுக்கு என்னைக் கட்டினீங்க?"

"எங்கம்மா உடமாட்டேன்னுது. யாரையாவது கட்டித்தான் ஆகோணும். உன்னக் கட்டுனா கிட்ட வராம இருந்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

இதைச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும், கேட்க எனக்கு எவ்வளவு வேண்டும். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

"எல்லாரும் அவளைத் திட்டினாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"ரெண்டு வருசமா அவ பேர ஊட்டுல ஒருத்தரும் எடுக்கல. எடுத்தா அடுத்த பொண்ணு அமையாதுன்னு அம்மா தடுத்துப்போட்டுது. இந்த நாத்தத்துலதான் அவ பேரு திலும்ப ஊட்டுக்குள்ள வந்துது. வெய்யறாங்களோ என்னமோ, பேரு காதுல உழுந்துது. அதப் போயி எப்படி நிறுத்தறது?"

மறுநாள் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மாமியாரிடமும் அவரே சொன்னார். மாமியார் என்னை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "பொடிய உட்டிருக்கக் கூடாது போல" என்றார். பிறகு எனக்குச் சோறு போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார்.

இனி ஒன்று மிச்சம் இருக்கிறது. நேற்று நடந்தது.

அந்தச் சேலை யாருக்கும் இல்லாமல் பெட்டியில் கிடக்க வேண்டாம், ஆரோக்கியத்தின் தங்கைக்குக் கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். உள்ளறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். மூக்கில் ஏதோ பட்டது. பச்சையாக, ஈரமாக, கொஞ்சம் கசப்பாக. பதினான்கு வருஷம் கழித்து முதல் வாசனை, எனக்குப் பெயர்கூட உடனே நினைவு வரவில்லை. சேலையை எடுத்து முகத்தில் வைத்தேன். மடிப்புக்கு மடிப்பு அதுதான். மரிக்கொழுந்து. அன்று சேலையோடு வைத்தது செவ்வந்தி, என் கையால் நான் வைத்தது. அதையும் மறுநாளே ஆற்றில் விட்டாயிற்று.

மாமியாரைக் கூப்பிட்டேன். சேலையை நீட்டினேன். "உங்களுக்கு ஒண்ணும் வாசம் வரலீங்களா அத்தை?" என்று கேட்டேன்.

அவர் நன்றாக முகர்ந்து பார்த்தார். "இல்லையே சாமி. புதுத் துணிக் கஞ்சி வாசம்தான் அடிக்குது" என்றார்.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். "என்ன வாசம்?" என்றார். சொன்னேன். அவர் உள்ளே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். ஆரோக்கியம் கொல்லைக் கிணற்றடியில் மரிக்கொழுந்து போட்டிருந்தாளாம். தினம் ஒரு கொத்துத் தலையில் வைப்பாளாம். அவள் செத்த மாதமே மாமியார் அதை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார். எனக்கு அதை யாரும் சொன்னதில்லை.

இல்லாத வாசனை தெரியும் என்று டாக்டர் சொன்னார், நினைவிருக்கிறது. அதையே நானும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். இன்று காலையும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது.

சேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. சொட்டு மருந்து பத்து நாளுக்குத்தான் வரும், அடுத்த பாட்டில் அனுப்பு. இந்த முறை மேலே மருந்து என்றே எழுது.

உன் தங்கை,
ஜெபமலர்